தேயாத பேட்



போன வாரம் எங்கள் வீட்டு மாருதி 800க்கு எஃப்.சி. முடிந்தது. 2004இல் பதிவான வண்டி. பதினைந்து ஆண்டு முடிந்து 2019இல் என் கணவர் அலைந்து திரிந்து, பசுமை வரி கட்டிப் புதுப்பித்தார். அது ஐந்து ஆண்டுக்குத்தான். இந்த முறை அவர் இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் இப்போது என் பெயர். நானே ஓட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினேன். பார்வையிட்டவர் வண்டியை ஓட்டச் சொல்லி, பிரேக் பிடிக்கச் சொன்னார். நேராக நின்றது. "நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்று கையெழுத்துப் போட்டார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒன்றரை ஆண்டுக் கதை இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான். வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். வண்டி இல்லாதவர்களும் படிக்கலாம், கடைசியில் வருவது வண்டியைப் பற்றியது மட்டுமல்ல.

நான் கார் ஓட்டக் கற்றது 58ஆவது வயதில், பணி ஓய்வு பெற்ற வருடம். கற்றுக்கொடுத்தது அவர்தான். மின்வாரியத்தில் இருந்தவர், எதையும் கழற்றிப் பார்க்காமல் விட மாட்டார். நான் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, தன் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். 2021இல் அவர் போய்விட்டார். அதன் பிறகு பதினோரு மாதம் வண்டி ஷெட்டிலேயே நின்றது. சாவியைத் தொட மனம் வரவில்லை. இடையில் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் போயிற்று. நாகப்பட்டினத்து உப்புக் காற்றைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியே நாலு வருடத்தில் பொரிந்துவிடும் ஊர்.

திருவாரூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்வரத்தான் மறுபடி வண்டியை எடுத்தேன். பேருந்தில் ஏறி இறங்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. புது பேட்டரி போட்டு, டயரில் காற்றடித்து, மெதுவாக ஓட்டத் தொடங்கினேன். நாலைந்து மாதத்தில் முன் சக்கரத்தில் கீச் கீச் என்று சத்தம். ஒரு பணிமனையில் விட்டேன். பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று நான்கையும் மாற்றிக் கொடுத்தார்கள். சரி, பழைய பேடுதானே என்று வந்துவிட்டேன்.

ஏழு மாதம் கழித்து அதே சத்தம். அதே பணிமனை. இந்த முறை அங்கிருந்தவர் பேடைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "டீச்சர், நீங்க பிரேக்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுறீங்க. வயசானவங்க பயந்து பயந்து ஓட்டுனா இப்படித்தான் ஆகும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? நான் பயந்து ஓட்டுகிறவள் என்பது உண்மைதானே. வீட்டுக்கு வந்து மகனிடம் போனில் சொன்னேன். "வித்துடும்மா. வேணும்னா வாடகைக் கார் வச்சுக்கலாம். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றான். அவன் சொன்னதில் அன்புதான் இருந்தது. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன் பிறகு ஓட்டும்போதெல்லாம் என் கண் சாலையில் பாதி, என் வலது காலில் பாதி இருந்தது. காலைப் பிரேக்கிலிருந்து தூக்கியே வைத்திருந்தேன். நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதில்லை. அப்படியும் சத்தம் மறுபடி வந்தது.

மூன்றாவது முறை வந்தபோது 2023 நவம்பர். பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள், ஏழு வயது. அவளைத் திருவாரூரில் கொண்டுபோய் விடக் கிளம்பினேன். லேசான தூறல். சிக்கல் கோயில் பக்கம் வரும்போது ஒரு ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்பதற்குள் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. எதிரே பேருந்து. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் வளைத்தேன், அந்த ஓட்டுநர் மகராசனும் மிதித்தார். இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். சிக்கலில்தான் எனக்கு நிஜமான சிக்கல்.

ஓரமாக நிறுத்திவிட்டுக் கை நடுங்க உட்கார்ந்திருந்தேன். பேத்தி அழவில்லை. "அம்மாச்சி, நீ நேராத்தானே பிடிச்சிருந்த? வண்டி ஏன் அந்தப் பக்கம் போச்சு?" என்று கேட்டாள்.

முப்பத்தெட்டு வருடம் பிள்ளைகளிடம் "ஏன், ஏன்னு கேளுங்க" என்று சொன்னவள் நான். ஒன்றரை வருடமாக அந்தக் கேள்வியை ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. யாரோ "உன் கால்தான் காரணம்" என்றார், நானும் ஒப்புக்கொண்டேன்.

அவளை மகள் வந்து அழைத்துப் போனாள். நான் மெதுவாக ஓட்டி வீட்டுக்குத் திரும்பினேன். ஷெட்டில் ஒரு மூலையில் பழைய பேடுகள் இருந்தன. மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி வந்துவிட வேண்டும் என்பது என் கணவரின் சட்டம். ஏன் எதற்கு என்று தெரியாமலே நானும் அதைக் கடைப்பிடித்து, இரண்டு முறையும் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தேன். இரண்டு பொட்டலத்தையும் பிரித்துத் தரையில் பரப்பினேன். ஒரு செட்டுக்கு நான்கு பேட். வலச் சக்கரத்துக்கு இரண்டு, இடச் சக்கரத்துக்கு இரண்டு.

ஜியாமெட்ரி பாக்ஸ் அடி ஸ்கேலை எடுத்து, இரும்புத் தகட்டை விட்டுவிட்டு மேலே இருக்கும் கறுப்புப் பகுதியின் கனத்தை மட்டும் அளந்தேன். முதல் செட்டில் இரண்டு பேட் ஒரே மாதிரி, 6 மில்லிமீட்டர் இருந்தது. ஒன்றில் 8. இன்னொன்றில் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. அதுவும் சாய்வாக, ஒரு முனை இரும்புவரை போய்விட்டது, மறு முனையில் கொஞ்சம் மிச்சம். இரண்டாவது செட்டை அளந்தேன். அதே கணக்கு. இரண்டு சமம், ஒன்று கிட்டத்தட்டப் புதிது, ஒன்று மொட்டை.

திருத்தும்போது இரண்டு விடைத்தாளில் ஒரே தவறு ஒரே இடத்தில் இருந்தால் ஆசிரியருக்குச் சந்தேகம் வரும். இரண்டு பிள்ளைகள் தனித்தனியாக ஒரே மாதிரி தப்பு செய்யமாட்டார்கள், பின்னால் ஒரு காரணம் இருக்கும். இங்கேயும் அப்படித்தான். நான் பிரேக்கில் கால் வைத்தே ஓட்டியிருந்தால் நான்கும் தேய்ந்திருக்க வேண்டும். என் கால் ஒன்றுதான். அது நான்கு பேடில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து எப்படி மிதிக்கும்?

பாஸ்கல் விதி பள்ளியில் படித்திருப்பீர்கள். அடைத்து வைத்த திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். பிரேக்கும் அதுதான். நாம் மிதிப்பது மாஸ்டர் சிலிண்டரை அழுத்துகிறது, பிரேக் ஆயில் அந்த அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிறது. முன்னால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். அழுத்தம் சமம், தேய்மானம் சமமில்லை. அப்படியென்றால் நடுவில் ஏதோ ஒன்று சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. அது நானில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அந்தத் தரையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பிறகு எழுந்து எட்டு பேடையும் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் போனது வேறொரு இடம். வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பாய், கூட ஒரு தம்பி. என் கணவர் எப்போதாவது போகும் இடம். வண்டி நின்றதும் அவர் பானெட்டைத் திறக்கவில்லை. கையை ஒவ்வொரு முன் சக்கரத்தின் பக்கத்திலும் தொடாமல் காட்டிப் பார்த்தார். "டீச்சரம்மா, நீங்களும் கிட்ட கைய காட்டிப் பாருங்க. தொட்டுடாதீங்க, சுடும்" என்றார். வலப்பக்கம் வெதுவெதுப்பு. இடப்பக்கம் அடுப்பு. வீலைப் பார்த்தால் இடப்பக்கத்தில் மட்டும் கறுப்புப் பொடி அப்பியிருந்தது. இத்தனை நாள் நான் அதைச் சேறு என்று நினைத்துக் கழுவிக்கொண்டிருந்தேன்.

பையைக் கொட்டினேன். எட்டையும் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "பழசக் கொண்டாந்தீங்க பாருங்க, பாதி வேலை முடிஞ்சுது" என்றார். மொட்டையாக இருந்த பேடைத் திருப்பி, அதன் முதுகைக் காட்டினார். வட்டமாக ஒரு தழும்பு. "இது பிஸ்டன் அமுக்குன தடம். அப்ப இது உள்பக்கத்து பேடு." தேயாமல் இருந்த பேடைத் திருப்பினார். அதில் வட்டம் இல்லை, இரண்டு பக்கமும் விரல் பதிந்த மாதிரி தடம். "இது வெளிப்பக்கம்." நான் அளந்து பார்த்தேனே தவிர, முதுகைப் பார்க்கவில்லை. விடைத்தாளின் பின்பக்கத்தைப் புரட்டாத ஆசிரியை!

பிறகு அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன்.

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்துபவை பேடுகள். பிடிக்கும் இடுக்கிக்குக் காலிபர் என்று பெயர். இரண்டு பேடு இருப்பதால் இரண்டு பக்கமும் தள்ள ஆள் இருக்கும் என்று நினைப்போம். இல்லை. எங்கள் வண்டி மாதிரி சின்ன கார்களில் பிஸ்டன் ஒன்றுதான், அதுவும் உள்பக்கம் மட்டும். பிஸ்டன் உள் பேடைத் தள்ளி டிஸ்க்கில் அழுத்துகிறது. தள்ளிய வேகத்துக்குக் காலிபர் முழுவதும் எதிர்ப்பக்கம் நகர்கிறது, நியூட்டனின் மூன்றாம் விதி. அப்படி நகரும்போது வெளிப் பேடை இழுத்து வந்து டிஸ்க்கின் மறுபக்கம் ஒட்டுகிறது. காலிபர் இப்படி நகர்வதற்கென்று இரண்டு பின் இருக்கின்றன, சுண்டுவிரல் கனம். திரைச்சீலை கம்பியில் நகர்வது போல. அந்த இரண்டு பின்னும் வழுக்கினால்தான் இரண்டு பேடுக்கும் சம வேலை. பின் துருப்பிடித்துவிட்டால் காலிபர் நகராது. உள் பேடு மட்டும் தனியாக நின்று மல்லுக்கட்டும். வெளிப் பேடு பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்க்கும்.

"அப்ப பின்னுதானே? மாத்திடலாமா?" என்றேன். எனக்கு அவசரம்.

"இருங்கம்மா. சந்தேகப்பட வேண்டியவங்க மூணு பேர் இருக்காங்க. ஒவ்வொருத்தரா விசாரிப்போம்" என்றார். அந்த வார்த்தைக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

முதல் சந்தேகம், ரப்பர் ஹோஸ். காலிபருக்கு ஆயில் போகும் குழாய். வயதானால் அது உள்ளுக்குள் ஊதிக்கொள்ளும். மிதிக்கும்போது ஆயில் உள்ளே போய்விடும், காலை எடுத்தபின் திரும்பி வராது. இடது வீலைக் கழற்றி, டிஸ்க்கைக் கையால் சுற்றினார். ஸ்ஸ் என்று உரசிக்கொண்டே சுற்றியது. காலிபரில் உள்ள நிப்பிளைக் கொஞ்சம் திறந்தார். "உள்ள அழுத்தம் மாட்டியிருந்தா இப்ப ஆயில் பீச்சியடிக்கும், சக்கரமும் லேசாயிடும்." சாதாரணமாகக் கசிந்ததே தவிரப் பீச்சவில்லை. உரசலும் குறையவில்லை. ஹோஸும் மாஸ்டர் சிலிண்டரும் குற்றமற்றவர்கள்.

இரண்டாவது சந்தேகம், பிஸ்டன். காலிபரைக் கழற்றி, ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் கட்டி நிறுத்தினார். தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே கிழிந்துவிடுமாம். பழைய பேடு ஒன்றைப் பிஸ்டன் மேல் வைத்து, சி கிளாம்பால் மெதுவாக உள்ளே தள்ளினார். தம்பி பிரேக் ஆயில் டப்பா வழிந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான், பிஸ்டன் உள்ளே போனால் அங்கே ஆயில் ஏறும். பிஸ்டன் வெண்ணெய் மாதிரி உள்ளே போயிற்று. "பிஸ்டன் மேல பழி இல்ல."

அப்போதுதான் ஒரு கேள்வி கேட்டேன், மிதித்த காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னால் இழுப்பது எது, உள்ளே ஸ்பிரிங் இருக்கிறதா என்று. அவர் சிரித்தார். ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, ஆயில் கசியாமல் அடைப்பது. பிஸ்டன் முன்னால் போகும்போது அந்த வளையம் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அழுத்தம் போனதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும், திரும்பும்போது பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். முடியளவு இடைவெளிதான், அது போதும். இவ்வளவு பெரிய வண்டி ஓடுவதற்கு ஒரு ரப்பர் வளையத்தின் சோம்பல் முறிப்பு போதுமாக இருக்கிறது. இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைக்கவில்லையே என்று ஏக்கமாக இருந்தது.

மூன்றாவது, பின். மேல் பின் விரலால் தள்ளினாலே நகர்ந்தது. கீழ்ப் பின் அசையவில்லை. அதன் ரப்பர் உறை கிழிந்திருந்தது. அது வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. பதினோரு மாதம் ஓடாமல் நின்றபோது துரு நிதானமாகக் குடியேறிவிட்டது. ஒரு பின் நகர்ந்து மறு பின் நகராததால்தான் பேடு சாய்வாகத் தேய்ந்திருக்கிறது. இடது சக்கரத்தில் பாதிப் பிடிதான் இருந்தது, வலது சக்கரம் முழுதாகப் பிடித்தது. அதனால் பிரேக் அடித்தால் வண்டி பிடி அதிகமுள்ள வலப்பக்கம் இழுத்தது. சிக்கலில் நடந்ததற்கு அதுதான் காரணம்.

"முன்னாடி ரெண்டு தடவை மாத்தினாங்களே, அவங்க கண்ணுல படலையா?" என்றேன்.

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "கீழ் போல்ட்டக் கழட்டி, காலிபரக் கதவு மாதிரி மேல தூக்கினா பேட மாத்திடலாம்மா. பின்னத் தொடவே வேண்டாம். இருபது நிமிச வேலை." பிறகு தேயாத பேடைக் கையில் எடுத்து என்னிடம் நீட்டினார். "எல்லாரும் தேஞ்சதத்தான் பாப்பாங்க, அதத்தான் மாத்துவாங்க. நீங்க தேயாததப் பாருங்க டீச்சரம்மா. இது ஏன் சும்மா இருந்துச்சுன்னு கேட்டா விஷயம் வந்துடும்."

பின்னை எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. துரு எண்ணெய் விட்டு, ஊறவைத்து, திருகித் திருகி எடுத்தார். அது திரும்பப் பயன்படாது. கடையிலிருந்து புதுப் பின்னும் ரப்பர் உறையும் வந்தன, நானூறு ரூபாய்க்குள். பின் போகும் துளையைச் சுத்தம் செய்து, சிலிகான் கிரீஸ் தடவினார். சாதாரண கிரீஸ் போடக்கூடாது, அது ரப்பரை ஊத வைத்து மறுபடி இறுக்கிவிடும். வலப்பக்கத்துப் பின்களையும் எடுத்துத் துடைத்துக் கிரீஸ் போட்டார். டிஸ்க்கின் கனத்தை அளந்து பார்த்து, ஓடும் என்றார். புதுப் பேடு இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்றினார், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மறுபடி இழுக்கும். பிரேக் ஆயில் காப்பி நிறத்தில் இருந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று அதையும் மாற்றிக் காற்றெடுத்தார்.

மாலையில் ஆளில்லாத சாலையில் ஓட்டச் சொன்னார். நாற்பதில் போய், ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். கோடு போட்ட மாதிரி நேராக நின்றது.

இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. "தேயாததப் பாருங்க."

தொண்ணூறுகளில் கடலோரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தேன். நாலும் ஐந்தும் ஒரே அறையில், இரண்டுக்கும் நான்தான். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண். தினமும் தாமதம். வீட்டுப்பாடம் இருக்காது. மதியத்துக்கு முன்பே தலை மேசையில் சாய்ந்துவிடும். அவள் தம்பி நாலாம் வகுப்பில், அதே அறையில். குளித்து, விபூதி வைத்து, நேரத்துக்கு வருவான். நோட்டில் ஒரு அடித்தல் இருக்காது. அவன் நோட்டைத் தூக்கிக் காட்டி அவளிடம் கேட்பேன், "ஒரே வீட்டுல இருந்துதானே வர்றீங்க? தம்பியப் பாத்துக் கத்துக்கக் கூடாதா?" எத்தனை முறை அவளை நிற்க வைத்தேன் என்று கணக்கில்லை. அவள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

அந்தக் கோடையில் பிள்ளைகள் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போனபோது காலை ஏழு மணிக்கு அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். அம்மா விடியும் முன்பே மீன் எடுக்கத் துறைமுகத்துக்குப் போய்விடுவாராம். தண்ணீர் தூக்குவது, சோறு வடிப்பது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது, தம்பியைக் குளிப்பாட்டி அனுப்புவது, எல்லாம் அந்தப் பத்து வயதுப் பெண். அவனுக்கு விபூதி வைத்துவிட்டது அவள் கைதான். தம்பி திண்ணையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னான்.

ஜூனில் அவள் ஆறாம் வகுப்புக்குப் போகவில்லை. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக "இடைநின்றவர்" என்று என் கையால் எழுதினேன்.

முப்பது வருடமாக நான் இதைச் சோகக் கதையாகத்தான் நினைவில் வைத்திருந்தேன். அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோதுதான் என் தவறு எது என்று புரிந்தது. தேய்ந்த பிள்ளையைத் தேய்ந்ததற்காகத் திட்டினேன். தேயாத பிள்ளையைப் பாராட்டினேன். அவன் எப்படி இவ்வளவு புதிதாக இருக்கிறான் என்று ஒருமுறை கேட்டிருந்தால், ஒரு வருடம் முன்னாலேயே அந்த வாசலுக்குப் போயிருப்பேன். போயிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று சொல்லமாட்டேன். அந்த அம்மாவிடம் பேசியாவது பார்த்திருக்கலாம். குறைந்தது அவளை நிற்க வைக்காமல் இருந்திருப்பேன்.

தம்பி மீதும் குற்றமில்லை. வெளிப் பேடு தானாக நகர முடியாது, அதை நகர்த்த வேண்டிய பின் இறுகிப்போயிருந்தது. வீட்டில் எது யார் வேலை என்று யாரோ எப்போதோ முடிவு செய்தது அப்படியே துருப்பிடித்து நின்றுவிட்டது. நாம் பேடை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

என் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. வங்கி, வரி, வண்டி, மோட்டார் எல்லாம் அவர் ஒருவர். நான் பக்கத்திலேயே நின்ற தேயாத பேடு. அவர் போன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

சரி, பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பேடு மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். எந்தச் சக்கரம், உள்ளா வெளியா என்று அங்கேயே சாக்பீஸால் எழுதிவிடுங்கள்.

நான்கும் சமமாகத் தேய்ந்திருந்தால் அது வயது, அல்லது ஓட்டும் பழக்கம். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் உங்கள் காலைக் குறை சொல்ல விடாதீர்கள். உள்பக்கம் மட்டும் என்றால் பின்னையும் பிஸ்டனையும் பார்க்கச் சொல்லுங்கள். சாய்வாகத் தேய்ந்திருந்தால் முதலில் பின். ஒரு சக்கரத்தின் இரண்டு பேடும் மறு சக்கரத்தைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தால் பிஸ்டனையும் ஹோஸையும் பாருங்கள்.

கறுப்புப் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அன்றே காட்டுங்கள். நம் சாலையில் வலப்பக்கம் என்பது எதிர்வரும் வண்டியின் பக்கம்.

இதை நீங்களே கழற்றிப் பார்க்கச் சொல்லவில்லை. பிரேக் என்பது உயிர். தெரிந்தவர் கையில் கொடுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று "ஏன்" என்று கேளுங்கள்.

வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். ஓடித் தேய்வதைவிட நின்று துருப்பிடிப்பது மோசம்.

இந்த ஜூலையில், எஃப்.சி.க்கு முன்னால், பாயிடம் போய் மறுபடி நான்கையும் அளந்தோம். அதே அடி ஸ்கேல். இடது உள்பக்கம் 7, வெளிப்பக்கம் 7. வலப்பக்கமும் அதே. மகனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "சரிம்மா, ஓட்டு" என்று பதில் வந்தது.

பேத்தியிடமும் சொன்னேன், வண்டி ஏன் அந்தப் பக்கம் போனது என்று. முழுதாகக் கேட்டுவிட்டு, "பின்னுக்கு மட்டும் கிரீஸ் போட்டிருந்தா போயிருக்காதா?" என்றாள். ஆமாம் என்றேன். இப்போது வண்டியில் ஏறும்போதெல்லாம் கேட்கிறாள், "அம்மாச்சி, கிரீஸ் போட்டாச்சா?"

உங்கள் வண்டி அனுபவங்களையும் எழுதுங்கள், படிக்கிறேன்.